எலியேசரின் நாலு நாற்காலி

பிளாஸ்டிக் நாற்காலியின் பின்னங்கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் ஈரமண்ணுக்குள் இறங்கின. எலியேசர் மல்லாக்கச் சாய்ந்து, செருப்புக் கால்கள் இரண்டையும் மேலே தூக்கியபடி, சென்னை அஸ்தினாபுரத்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பத்தடி தள்ளி நின்ற வான்கோழி கழுத்தைச் சாய்த்து அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் காலிமனையின் மறுமுனைக்கு நடந்து போனது.

"ஓடினாக்கூடப் பரவாயில்ல. நடந்து போகுது பாரு. கொழுப்பு!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு பால்கனியில் இருமல் கேட்டது. ஸ்ரீநிவாசராகவன். வான்கோழி கிட்டே வரும்போதெல்லாம் அந்த மனிதருக்குச் சொல்லிவைத்தாற்போல இருமல் வரும்.

"விழுந்துட்டேளா சார்?"

"இல்ல சார். படுத்து ஜெபம் பண்றேன்."

விஷயம் இதுதான். எலியேசரின் மகள் அபிகாயிலுக்கு ஜனவரியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஜோனத்தானின் வீட்டார் கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் சாப்பிட வருகிறார்கள். ஜோனத்தானின் அப்பா ஞானஜோதி போனில் பேச்சுவாக்கில், "கிறிஸ்மஸுக்கு உங்க வீட்ல என்ன ஸ்பெஷல்?" என்று கேட்டுவிட்டார். எலியேசர் வாய் சும்மா இருக்குமா? "எங்க வீட்ல பரம்பரையா வான்கோழி பிரியாணிதான்" என்று அளந்துவிட்டார். முப்பது வருஷமாக அந்த வீட்டில் பிராய்லர் கோழிதான். அது ஞானஜோதிக்குத் தெரியாது.

சொன்ன வாயைக் காப்பாற்ற வேண்டுமே! டிசம்பர் முதல் வாரமே சேட்டு கறிக்கடையில் ஒரு வான்கோழி வாங்கி, அதோடு நின்று போட்டோ எடுத்து, சம்பந்திக்கு அனுப்பியும் விட்டார். ஞானஜோதி பதிலுக்கு நாலு கைதட்டல் போட்டிருந்தார். மூன்றாம் நாள் காலை கூண்டு திறந்து கிடந்தது, கோழியைக் காணோம். கொக்கியைத் தானே போட்டது எலியேசருக்கு நன்றாக ஞாபகம். இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் எந்தக் கொக்கியையும் விடுகிற ஆள் இல்லை அவர்.

"யாரோ திறந்துவிட்டிருக்காங்க, கிருபா."

"யாரு திறக்கப் போறாங்க? நீங்கதான் மறந்திருப்பீங்க" என்றாள் மனைவி, தோசையைத் திருப்பியபடி. கோழி போன வீட்டில் இவ்வளவு நிதானமாக யாராவது தோசை திருப்புவார்களா? எலியேசர் அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

வேறு வாங்கலாம் என்றால் சேட்டு கையை விரித்துவிட்டான். எல்லாம் சொல்லிவைத்த கோழிகளாம். ஆனால் ஓடிப்போனதைப் பிடிக்க ஒரு வழி சொன்னான்.

"சார், தொரத்தினா கிடைக்காது. அதுக்கு கண்ணு செம ஷார்ப்பு. சோளத்த போட்டுகினு ஆடாம அசையாம ஒரு மணி நேரம் உக்காந்துகினு இருங்க. ஆள் கல்லாட்டம் கீறான்னு நெனச்சு அதுவா கிட்ட வரும். லபக்குனு அமுக்கிடுங்க. ஒண்ணே ஒண்ணு, சேர் நல்லதா பாத்துக்கோங்க. அதான் மெயினு."

தினமும் காலை ஏழு மணிக்கு டாணென்று பக்கத்துக் காலிமனையில் வான்கோழி ஆஜராகும். எட்டு மணிக்கு முள்புதருக்குப் பின்னால் போய் மாயமாகிவிடும். முப்பத்திரண்டு வருஷம் ஒரு ஸ்கூல் ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருந்து ஜூனில் ரிட்டையர் ஆனவர் எலியேசர். அவர் ஆபீஸில் ஒருத்தர்கூட இந்தக் கோழி மாதிரி நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனதில்லை. சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

தரையில் குந்த அவர் முட்டி இடம் கொடுக்காது. அதனால் நாற்காலி. முதல் நாற்காலி சேற்றில் போன கதையைத்தான் பார்த்தோமே.

அன்று சாயங்காலமே ஸ்ரீநிவாசராகவன் ஒரு இரும்பு மடக்கு நாற்காலியோடு வந்து நின்றார். "எங்காத்துல சும்மாதான் கிடக்கு. எடுத்துக்கோங்கோ."

வெங்காயம் வதக்கினாலே ஜன்னலைச் சாத்துகிற மனிதர், கோழி பிடிக்க நாற்காலி கொடுக்கிறார்! எலியேசருக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனாலும் ஓசி நாற்காலி, வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை உட்கார்ந்தார். கிறீச். மூச்சை இழுத்தார். கிறீச். விட்டார். கிறீச். வான்கோழி நாலு முறை கிட்டே வந்து நாலு முறையும் திரும்பிப் போனது. வீட்டுக்குப் போய் கால்மணி நேரம் செலவழித்து ஆணி ஆணியாகத் தேங்காய் எண்ணெய் போட்டார். அடுத்த நாள் சத்தம் துளிகூட இல்லை. எண்ணெய்க்கு எறும்பு மட்டும் வந்தது. ஏழு இருபதுக்கு வான்கோழி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் சோளம் கொத்திக்கொண்டிருந்தபோது, சித்தெறும்பு ஒன்று சொல்லக்கூடாத இடத்தில் கடித்தது. எலியேசர் போட்ட சத்தத்தில் காலிமனை நாய்கள் எல்லாம் எழுந்து ஓடின.

"வேணும்னே கிறீச் சேரா பார்த்துக் குடுத்திருக்கான், கிருபா. கோழிமேல பரிதாபமா, இல்ல எம்மேல பொறாமையான்னுதான் தெரியல."

"அவர் பாவங்க. நீங்க நாளைக்கும் ஆறரைக்கே போயிடுங்க, அப்பதான் கிடைக்கும்" என்றாள் கிருபா. காலையில் ஆறரையிலிருந்து எட்டு வரை அவள் ஹாலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பாள். ஜூனிலிருந்து எலியேசரும் அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அட்டெண்டன்ஸ் எடுத்து, மார்ஜின் கோணலாகப் போட்ட பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்து உதவி செய்துகொண்டிருந்தார். பத்துப் பேரில் இரண்டு பிள்ளைகள் நின்றுபோனது அந்தப் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் பிடிக்காததால்தான் என்பது அவர் முடிவு.

இன்னொரு விஷயமும் அவர் கண்ணில் பட்டது. ஊர் சுற்றுகிற கோழி இளைக்க வேண்டும். இது நாளுக்கு நாள் ஊதிக்கொண்டே போகிறது. யாரோ நன்றாகத் தீனி போட்டு வளர்க்கிறார்கள். யார்?

மூன்றாவது நாற்காலியை அபிகாயில் ஆன்லைனில் தருவித்தாள். "டாடி, இது கேம்பிங் சேர். இலை இலையா டிசைன் இருக்கு பாருங்க. நீங்க உக்கார்ந்தா புதர்னு நினைச்சுக்கும்." டீ டம்ளர் வைக்கக்கூட அதில் ஒரு பை இருந்தது. உட்கார்ந்தால் தொட்டில் சுகம். எலியேசர் இரண்டு நாள் அதில் அசையாமல் கிடந்தார். மூன்றாம் நாள் வான்கோழி வந்து அவர் செருப்பு வாரையே கொத்தியது. இதோ, இதோ, இப்போது எழுந்து அமுக்கிவிட வேண்டியதுதான்!

எழ முடியவில்லை. நாற்காலி அவ்வளவு தாழ்வு. முட்டியை ஊன்றினார், கையை ஊன்றினார், உடம்பு மறுபடி மறுபடி பைக்குள்ளேயே போய் விழுந்தது. வான்கோழி அவர் எதிரிலேயே நின்று சோளத்தை ஒன்றுவிடாமல் பொறுக்கித் தின்றுவிட்டுப் போனது. எலியேசருக்கு அழுகையே வந்துவிட்டது.

இதைவிடப் பெரிய பேஜார் அன்று பதினோரு மணிக்கு வந்தது. காலிமனையின் சொந்தக்காரர் ஜெபசீலன் கோவிலம்பாக்கத்திலிருந்து பைக்கில் பறந்து வந்து கேட்டைத் தட்டினார். கக்கத்தில் பத்திர ஜெராக்ஸ் கட்டு. கையில் போன். போனில் குடியிருப்போர் வாட்ஸாப் குழுவில் யாரோ போட்ட போட்டோ: இலை டிசைன் நாற்காலியில் எலியேசர். கீழே, 'நம்ம தெரு காலிமனையில் தினமும் காலையில் சந்தேகத்துக்கிடமான நபர். யாராவது விசாரிக்கவும்.'

"என்ன சார் நடக்குது என் மனையில?"

"வான்கோழி பிடிக்கிறேங்க."

"அஸ்தினாபுரத்துல வான்கோழியா? எனக்கென்ன காது குத்துறீங்களா? இந்த ஏரியா எனக்குத் தெரியாதா சார்? மொதல்ல ஒரு சேர் போடுவாங்க. அப்புறம் வெயிலுக்குன்னு ஒரு ஷீட் போடுவாங்க. அப்புறம் கரண்ட் கனெக்‌ஷன் வரும். அப்புறம் நான் கோர்ட்டுக்கு அலையணும். என் மச்சான் மனை இப்படித்தான் போச்சு!"

"கர்த்தர் சாட்சியா சொல்றேங்க, கோழிதான்!"

"கோழியக் காட்டுங்க."

பதினோரு மணிக்குக் கோழிக்கு எங்கே போவது? சம்பந்திக்கு அனுப்பிய போட்டோவைக் காட்டினார். ஜெபசீலன் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, "இது கடையில எடுத்தது" என்றார். கடைசியில் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போனார்: 'நான் மேற்படி மனையில் நாற்காலி போடுவது வான்கோழி பிடிக்கும் நோக்கத்துக்காக மட்டுமே. மனைமீது எனக்கோ என் வாரிசுகளுக்கோ வான்கோழிக்கோ எந்த உரிமையும் இல்லை. நாற்காலியைத் தினமும் கையோடு எடுத்துச் சென்றுவிடுவேன்.' ஆயிரக்கணக்கான கடிதம் டிராஃப்ட் போட்ட எலியேசர், வழக்கம்போல அடியில் இடமும் தேதியும் போட்டுக் கொடுத்தார்.

அந்த கேம்பிங் நாற்காலி நல்ல கனம். தினமும் தூக்கி, தினமும் கொண்டுவந்து வைத்து, முட்டியோடு தோளும் போனது. கிறிஸ்மஸுக்கு ஐந்தே நாள். ஞானஜோதி வேறு, 'எங்க வீட்ல எல்லாரும் வான்கோழி நினைப்பாவே இருக்கோம்' என்று செய்தி அனுப்பிவிட்டார். கோழி இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டில் காலத்துக்கும் அவர் பேர் 'புளுகு மாமா' என்றாகிவிடும்.

உட்கார்ந்து யோசித்தார். கிறீச் நாற்காலி கொடுத்தது ராகவன். எழ முடியாத நாற்காலி வாங்கியது சொந்த மகள். பதற்றமே இல்லாமல் தோசை திருப்புவது மனைவி. வாட்ஸாப்பில் போட்டோ போட்டது யார் என்று கேட்டால் தெருவே முழிக்கிறது. எல்லோரும் சேர்ந்து ஏதோ செய்கிறார்கள். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. நம்பிக்கையாகப் பேச மிச்சம் இருந்தது வீட்டு வேலைக்கு வரும் கங்கம்மா ஒருத்திதான்.

"கங்கம்மா, இந்த வீட்ல எனக்கு எதிரா என்னமோ நடக்குது."

கங்கம்மா பாத்திரத்திலிருந்து தலை தூக்கவில்லை. "ஆமா சார். காலம் கெட்டுக் கீது. யாரையும் நம்பாதீங்க."

"நீ ஒருத்திதான் என் பக்கம்."

"அது இன்னா சார் அப்டி சொல்றீங்க" என்று அவள் இன்னும் வேகமாகத் தேய்த்தாள்.

மறுநாள் மீன் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிக் கோவளம் போனார். அங்கே ஒருத்தர் தூண்டில் போட்டுக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்ததை எப்போதோ பார்த்திருந்தார். அதேபோல ஒன்று ஒரு கடையில் தொங்கியது. எலியேசர் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு கேள்வி கேட்டிருக்கமாட்டார். உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார். முட்டி முனகவில்லை. ஆட்டிப் பார்த்தார், சத்தமில்லை. கால்களுக்கு அடியில் அகலமான ரப்பர் தட்டு. கடற்கரை மணலிலேயே இறங்கவில்லை, அஸ்தினாபுரத்துச் சேறு எம்மாத்திரம்? மடக்கினால் தோளில் மாட்டிக்கொள்ளலாம். மூட்டுகளை முகர்ந்து பார்த்தார், எண்ணெய்ப் பசை இல்லை, எறும்பு வராது. வீட்டுக்கு வந்ததும் யார் கண்ணிலும் காட்டாமல் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"மீன் எங்க?" என்றாள் கிருபா.

"நல்லா இல்ல" என்றார்.

அடுத்த நாள் காலை வழக்கமான இடத்தில் இலை டிசைன் நாற்காலியைப் போட்டு, அதில் தன் சட்டையையும் தொப்பியையும் தலையணைக்கு மாட்டி உட்காரவைத்தார். அவர் மட்டும் முக்காலியோடு மறுபக்கம் முருங்கை மரத்தின் பின்னால் போய் உட்கார்ந்தார். ஏழு மணிக்கு வான்கோழி வந்தது. ராகவன் பால்கனிக்கு வந்து, தலையணையைப் பார்த்தபடி நிம்மதியாகக் காபி குடித்தார். இருமவில்லை. கோழி சோளத்தைக் கொத்திக்கொண்டே முருங்கைப் பக்கம் வந்தது. ஐந்தடி. மூன்றடி. எலியேசர் மூச்சே விடவில்லை. ஒன்றரையடி.

லபக்!

"பிடிச்சிட்டேன்! அல்லேலூயா! பிடிச்சிட்டேன்!"

வான்கோழி றெக்கையால் அவர் கன்னத்தில் ரெண்டு அறை வைத்தது. அவருக்கு அது உறைக்கவே இல்லை. கோழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் கிடைக்காத சந்தோஷத்தில் குதித்தார். சத்தம் கேட்டு கிருபா வாசலுக்கு ஓடிவந்தாள். அவள் பின்னால் கணக்கு நோட்டும் கையுமாகப் பன்னிரண்டு பிள்ளைகள். எட்டு பேர்தானே இருந்தார்கள்? அபிகாயில் பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றாள்.

ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. கிருபா தலையில் கை வைத்தாள். அபிகாயில் அம்மாவைப் பார்த்தாள். ராகவன் பால்கனியில் ரொம்பத் தாமதமாக ஒருமுறை இருமினார்.

"என்ன எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? கோழி கிடைச்சிடுச்சு! நம்ம மானம் தப்பிச்சுது!"

அப்போது முள்புதருக்குப் பின்னாலிருந்து, ஒரு கையில் கம்பு மாவுக் கிண்ணமும் இன்னொரு கையில் காலிக் கூடையுமாகக் கங்கம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"இன்னா சார் இது, புடிச்சிட்டீங்களே! நாளையிலேந்து டியூசன் முடியற வரிக்கும் உங்கள வூட்டுக்கு வெளிய உக்கார வெக்க நான் எந்தக் கோழிய கொண்டாந்து வுடுறது?"