ராமசாமி அண்ணனின் லோரியும் என் வெற்றிலை வாயும்

"…விடுங்க மண்டோரே, அவரும் இந்த எடத்துலதான் துப்புவாரு" என்றார் அஞ்சலையக்கா.

கணவரின் உடலை லோரியில் ஏற்றிவிட்டு நிற்கும் ஒரு பெண் பேசுகிற பேச்சு அல்ல அது. அவரை அப்படிப் பேச வைத்தவன் நான்.

எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் கோலா சிலாங்கூருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லோரிக்கு டிரைவராக இருந்தேன். லோரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் நான் ஊர் கண்ணுக்குத் தெரியமாட்டேன் என்று மனதார நம்பிய காலம். (கதவில் இருந்தது கண்ணாடி. அதுவும் எப்போதும் இறக்கியே இருக்கும்.) பட்டணத்துச் சந்திப்பில் வண்டி நின்றால் சுண்டுவிரல் தானாக மூக்குக்குப் போகும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். லோரிச் சாவியைச் செய்தவன் காது குடைவதையும் மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறான் என்பது என் எண்ணம்.

எல்லாவற்றுக்கும் மேலே வெற்றிலை. துப்பும்போது பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று பார்க்கிற வழக்கமே இல்லை. என் கதவைப் பார்த்துவிட்டு தோட்டத்து மேஸ்திரியான மண்டோர், "என்னடா, கதவுல கெடா வெட்டுனியா?" என்பார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வேன்.

எனக்கு முன் அந்த லோரியை ஓட்டியவர் ராமசாமி அண்ணன். ஓய்வுபெற்ற சில மாதங்களிலேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் மனைவி அஞ்சலையக்கா, ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவரு அந்த லோரியிலதான் போவணுங்கய்யா. வேற ஒண்ணும் வேணாம்."

ஆபீஸ் சம்மதித்தது. லோரியைக் கழுவித் தென்னங்கீற்று கட்டினேன். கதவை மட்டும் எவ்வளவு தேய்த்தும் சிவப்பு போகவில்லை. (அதில் பாதி எனக்கு முந்திய சிவப்பு என்பது அப்போது தெரியாது.) துக்க வீட்டில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று புரியாமல் வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டேன். வாய் நிறைந்திருந்தால் அசடாக எதையும் உளறமாட்டேன் அல்லவா.

தொழிலாளர் வீடுகளின் லயத்து வரிசை முடிந்து சாலை திரும்பும் வளைவில் நிறுத்தினேன். பெண்கள் அதற்கு மேல் வரமாட்டார்கள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்த மகன் முருகேசு, "அண்ணே, கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க" என்று சொல்ல என் கதவுப் பக்கம் வந்தான். நான் தலையைத் திருப்பினேன். திருப்பிய வேகத்தில் துப்பினேன். தினமும் துப்புகிற வளைவு. வாய்க்கு யோசனை தேவைப்படவில்லை.

அவன் வேட்டி வெள்ளை வேட்டி. சட்டியில் கனன்றுகொண்டிருந்த நெருப்பு 'சுர்' என்றது.

மேளம் நின்றது. சட்டியைப் பிடித்திருந்ததால் முருகேசுவால் வேட்டியைத் துடைக்கக்கூட முடியவில்லை. மண்டோர் கதவைத் திறந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"எறங்குடா கீழ. செத்தவன அவமானப்படுத்துற வண்டி எங்களுக்கு எதுக்கு லா? டேய், பாடைய எறக்குங்க. நம்மளே தோள்ல தூக்கிட்டுப் போவோம்."

நான்கைந்து பேர் லோரியின் பின்கதவில் கை வைத்துவிட்டார்கள். அக்கா கேட்ட ஒரே காரியம் என் வாயால் கெடப் போகிறது. மன்னிப்புக் கேட்கலாமென்றால் வாயில் இன்னும் மிச்சம் இருந்தது. விழுங்க முடியவில்லை, துப்பத் துணிவில்லை.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தார். முதலில் நான் சொன்ன அந்த வார்த்தையைச் சொன்னார். சொல்லிவிட்டு, "முப்பது வருசமா இந்தக் கதவக் கழுவுனவ நானு. எனக்குத் தெரியாதா?" என்றார்.

முருகேசு குனிந்து வேட்டியைப் பார்த்தான். அழுது வீங்கிய முகத்தில் உதடு லேசாகக் கோணியது. "அப்பா துப்புனதா நெனச்சுக்குறேன் மண்டோரே. வண்டி போவட்டும்" என்றான். மேளக்காரர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். மண்டோரின் பிடி தளர்ந்தது. பின்கதவில் இருந்த கைகளும் விலகின.

இந்தக் கதை எனக்கு முன்பே என் கல்யாணப் பந்தலுக்கு வந்து என் மனைவியின் காதில் விழுந்துவிட்டது. இன்றைக்கும் காரில் நான் கண்ணாடியை இறக்கினால், பின்னால் இருந்து என் மகள் "கொள்ளிச்சட்டி பத்திரம்" என்பாள். காற்றுக்காக இறக்கினேன் என்றால் வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை.

ஆனால் அன்றைக்கு அக்கா பேச்சோடு நிற்கவில்லை. திறந்திருந்த கதவு வழியே கையை விட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் நான் செருகி வைத்திருந்த வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்தார். என்னைப் பார்க்காமலே லோரியின் பின்பக்கம் நடந்தார். எக்கி நின்று, அதைத் தன் கணவரின் தலைமாட்டில் வைத்தார்.