ஏழு படிகளுக்குள் ஒரு கூபே

“சார், சனிக்கிழமை மேனேஜர் எல்லா வில்லாவையும் செக் பண்ண வர்றார். போர்ச்சுல ஆகாதது ஏதும் இருந்துச்சுன்னா வாடகைக் காண்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டாங்களாம்.”

அமீரகத்தின் அஜ்மானில் ஒரு வில்லா வரிசையின் காவலாளியாகிய முகம்மது ரிபாய் இதனைக் கூறியபோது, அவனுடைய கண்கள் அங்கே குடியிருந்த வாசுவின் தோளைத் தாண்டி, போர்ச்சில் நின்ற பொருளின் மீதே நிலைத்திருந்தன.

அப்பொருள் ஒரு கார். செம்மையாகச் சொல்வதாயின், காராக ஆகிக்கொண்டிருந்த ஒன்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பிறந்த அந்த இரண்டு கதவுக் கூபேயின் கூரையை வாசு தன் கையாலேயே அறுத்துத் தாழ்த்தியிருந்தான். ஷார்ஜாவின் பழைய உதிரிபாகச் சந்தையில் வாங்கிய எட்டு சிலிண்டர் என்ஜின் பானெட்டுக்குள் அடங்க மறுத்தமையால், பானெட்டையே நீக்கிவிட்டான். இத்தகைய கார்களுக்கு ஹாட் ராட் என்று பெயர். அலுவலகக் கணினியில் குளிர்காற்றுக் குழாய்களை மட்டுமே வரைந்து வந்த அவன், தொட்டுப் பார்க்கக்கூடியதாகத் தன் வாழ்நாளில் உருவாக்கிய பொருள் இஃது ஒன்றே.

“எங்கயாவது தள்ளிட்டுப் போய் நிறுத்துங்களேன்,” என்றாள் அவன் மனைவி பிருந்தா.

“ஸ்டியரிங்கே இன்னும் மாட்டலைம்மா. தள்ளினா அது இஷ்டத்துக்குப் போகும்.”

“அப்போ ஸ்கிராப்காரனைக் கூப்பிடுங்க. பசங்க ஸ்கூலுக்கு நடந்து போற தூரத்துல இந்த வாடகைக்கு வேற வில்லா கிடைக்காது. வீடா, காரா, நீங்களே சொல்லுங்க.”

“ரெண்டும்தான். மறைக்கிறதும் ஒரு என்ஜினியரிங் வேலை. என்கிட்ட விடு.”

அன்று மாலையே அவன் காரின் மீது பெரிய தார்ப்பாய் ஒன்றைப் போர்த்தினான். என்ஜின் ஓரிடத்திலும் கூரை மற்றோரிடத்திலும் துருத்திக்கொண்டு நின்றன.

ரிபாய் தலையைச் சாய்த்துப் பார்த்தான். “ஒட்டகம் படுத்திருக்கிற மாதிரி இருக்கு சார். ஒட்டகமும் ஆகாதுன்னுதான் நினைக்கிறேன்.”

இந்நிலையில்தான் பிருந்தாவுக்கு அந்த எண்ணம் தோன்றியது. மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. முன்பிருந்த ஃபிளாட்டில் மூன்று படிகளுக்கு மேல் கொலு வைக்க இடமில்லாமல், அவளுடைய பொம்மைகளில் பாதி ஆண்டுதோறும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தன.

“ஏங்க, அது முன்னாடி தாழ்வா, பின்னாடி ஒசரமாத்தானே இருக்கு? மேல பலகை போட்டு வேட்டியை விரிச்சா கொலுப்படி.”

வாசு தன் மனைவியை முதன்முறையாகப் பார்ப்பவனைப்போல் பார்த்தான். “நீ என்ஜினியரிங் படிச்சிருக்கணும்.”

வெள்ளிக்கிழமை முற்பகல் வேலை முடிந்ததும், அலுவலகக் கிடங்கில் கிடந்த பலகைகளை ஏற்றி வந்து ஐந்து படிகள் அமைத்தான். கூரை வெளியே தெரிந்தது. ஆகவே ஏழு படிகள் ஆயின. இப்போது முன்பக்கத்தில் விளக்குகள் இரண்டும் விழித்துப் பார்த்தன. ஆகவே அவற்றின் மேல் பிளைவுட் மேடை ஒன்றை எழுப்பி, மணல் பரப்பி, பூங்கா ஆக்கினார்கள். பக்கவாட்டில் கதவுகள் தெரிந்தன. ஆகவே இருபுறமும் பிளைவுட் சுவர்களை நிறுத்தி, பிருந்தாவின் பட்டுப்புடவைகளைத் தொங்கவிட்டார்கள். பின்புறம் மட்டும் எதற்காக விடுபட வேண்டும் என்று, வாசு அங்கும் ஒரு சுவரை வைத்து, கீல் பொருத்திய கதவும் போட்டான்.

“கதவு எதுக்கு?”

“நடுவுல போய் ஸ்டியரிங் மாட்டிக்கலாமே.”

“ஒரு நட்டைத் தொட்டாக்கூட மேல பொம்மை ஆடும். கலசம் வச்சாச்சு. விஜயதசமி வரைக்கும் கை வைக்காதீங்க.”

வாசு பணிந்தான். கலை முழுமை பெற்றுவிட்டது என்பதில் அவனுக்கு ஐயமில்லை.

முழுமையைப் படம் எடுத்து, பிருந்தா தமிழ்ப் பெண்கள் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டாள். சனிக்கிழமை மாலை மேனேஜர் முகம்மது சித்தீக் வந்து இறங்கியபோது, வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே சுண்டல் வாசனையும் பாட்டும் நிறைந்திருந்தன.

சித்தீக் செருப்புக் குவியலை நெடுநேரம் பார்த்தார். பின்னர்ச் சுவர்களைத் தட்டினார். பின்கதவைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது.

“எத்தனை பேர் இருக்கீங்க வாசு சார்?”

“நாங்க நாலே பேர்தான். இவங்கல்லாம் கொலு பார்க்க வந்தவங்க. சுண்டல் எடுத்துக்கோங்க.”

சித்தீக் சுண்டலை வாங்கிக்கொண்டார். முகம் மட்டும் இளகவில்லை. “மன்னிச்சிக்கோங்க. இதை இன்னைக்கே எடுத்தாகணும்.”

“விஜயதசமிக்கு முன்னாடி கலைக்கக் கூடாதுங்க,” என்றாள் பிருந்தா.

“அப்போ காண்ட்ராக்ட் கஷ்டம் மேடம். வில்லா ஓனர் அர்பாப் போனவாரமே சொல்லிட்டாரு, கலாஸ், அவ்வளவுதான்.”

பாட்டு நின்றது. பெண்கள் அனைவரும் வாசுவை நோக்கினர். பிருந்தா அவனுக்கு மட்டும் கேட்கும்படி, “ஸ்கிராப்காரன் நம்பர் இருக்கா?” என்றாள்.

வாசு ஒரு கணம் கண்களை மூடினான். பின்னர், தான் படைத்ததைத் தானே மறைத்து நிற்பது ஓர் என்ஜினியருக்கு அழகன்று என்று தெளிந்து, நிமிர்ந்து நடந்தான். பட்டுப்புடவையை ஒதுக்கினான், பிளைவுட்டைப் பெயர்த்தான். கூபேயின் சிவந்த கதவு விளக்கொளியில் பளபளத்தது.

“ஒளிச்சு வச்சது தப்புதான் சார். உள்ள இருக்கிறது கார். முழுக்க நானே கட்டினது. இதுக்காக வீட்டை விட்டுப் போகச் சொன்னா, இதை எடுத்துக்கிட்டே போறேன். ஸ்கிராப்புக்கு மட்டும் குடுக்க மாட்டேன்.”

பிருந்தா அவனை ஏறிட்டுப் பார்த்தாள்; அடுத்த புடவையைத் தானே ஒதுக்கினாள்.

சித்தீக் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கதவைத் தொட்டார். என்ஜினைக் கண்டதும் கையிலிருந்த சுண்டலை மறந்தார். பிறகு ரிபாயைத் திரும்பிப் பார்த்தார். “நீ இவங்ககிட்ட சொல்லலையா?”

ரிபாய் தலையைச் சொறிந்தான். சித்தீக் வாசுவிடம் திரும்பினார்.

“பலகையில ரூம் தடுத்து, ஆளுக்கொரு கட்டில்னு பெட் ஸ்பேஸ் வாடகைக்கு விடுறாங்கன்னுதான் சார் இந்தச் செக்கிங்கே. கார் போர்ச்சுல கார் நின்னா யாரு கேட்கப் போறா?”