மொட்டை மாடியில் ஒரு டீச்சர் குரல்

ஒரு வேலையைத் தொடங்குவதில் அவரை மிஞ்ச இந்தச் சென்னையில் ஆள் கிடையாது. முடிப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் ராஜா அண்ணாமலைபுரம் தெருவில் அவருக்குப் பெயர் ‘தோ வந்துட்டேன்’. எலெக்ட்ரீஷியன். போனை எடுத்ததும் அதைத்தான் சொல்வார்; ஏணியிலிருந்து இறங்கிக் காணாமல் போகும்போதும் அதைத்தான் சொல்வார். அவருடைய ஏணி எப்போதும் யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் சொந்தக்காரர் மாதிரி தங்கியிருக்கும்.

ஒருமுறை என் வீட்டு ஃபேனைக் கழற்றி சோபாவில் படுக்கவைத்துவிட்டு, ஸ்க்ரூ வாங்க மந்தைவெளிக்குப் போனார். வழியில் யாரோ ஒருவரின் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. இவர் அதைச் சரிசெய்தார். ஸ்கூட்டர்காரர் தி.நகரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். பேச்சு சுவாரசியத்தில் இவரும் பின்னால் ஏறிக்கொண்டார். மண்டபத்தில் சீரியல் லைட் எரியவில்லை. பந்தல் மேல் ஏறிவிட்டார். சாயங்காலம் வாசலில் வந்து நின்றபோது கையில் தாம்பூலப் பை இருந்தது.

“ஸ்க்ரூ எங்கே?” என்றேன்.

பைக்குள் எட்டிப் பார்த்தார். தேங்காய் இருந்தது. அதற்குப் பிறகுதான் சோபாவில் கிடந்த ஃபேனைப் பார்த்தார். முகம் அப்படியே தொங்கிப்போனது. “மன்ச்சிக்கோங்கக்கா” என்று தரையைப் பார்த்தபடி நின்றார். திருடி மாட்டிக்கொண்டவர்கூட அவ்வளவு கூனிக் குறுகி நின்று நான் பார்த்ததில்லை.

தண்ணி போடுகிறார் என்று தெருவே முடிவு கட்டியிருந்தது. அவர் மறுத்ததில்லை.

அவர் மனைவி செல்வி எங்கள் வீட்டில் சமைக்கிறாள். ஆற்றோரத்தில் இருந்த அவர்கள் வீட்டை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே, சதுப்பு நிலத்தையெல்லாம் தாண்டி, அடுக்குமாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். இங்கே வர பஸ் மாறி வர வேண்டும். அங்கே ஒரு ரேஷன் கடை, ஒரு பஸ் ஸ்டாப், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே அச்சில் வார்த்த கட்டடங்கள். நல்ல ஞாபகசக்தி உள்ளவர்களே தடுமாறும் இடத்தில் இவரைக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்?

ஒருநாள் வேலை முடிந்து போனவர், மாடி ஏறி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, “செல்வி, சோறு போடு” என்று உட்கார்ந்தார். ரசம் சாதம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே, “இன்னா இன்னிக்கு ரசம் நல்லா கீது” என்று நிமிர்ந்தால், எதிரே யாரோ ஒரு அம்மா கையில் கரண்டியோடு சுவரோரம் ஒண்டி நின்றார். அது பக்கத்து பிளாக். பயத்தில்தான் பரிமாறியிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் வந்தார், கூட்டம் கூடியது, குடிகாரன் என்று தீர்ப்பானது. செல்விதான் எல்லார் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“எம் மூஞ்ச எங்க கொண்டு போயி வச்சிக்கிறதுன்னு தெர்லக்கா” என்று மறுநாள் என்னிடம் சொன்னாள். “அதுல ரசம் நல்லா கீதுன்னு வேற சொல்லிக்கிறாரு.”

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, மெயினை அணைத்துவிட்டதாக நினைத்து ஒயரைத் தொட்டு, கையைச் சுட்டுக்கொண்டார். அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டிருக்கிறார். இவர் கிரிக்கெட், ஆவின் பால், மாமனார் என்று சுற்றிக்கொண்டே போனார். ஷாக் அடித்த இடத்துக்கு வந்து சேரவில்லை. டாக்டர் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிவிட்டார்.

தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, அந்த வரிசையில் இரவல் வாங்கிய ஹெல்மெட்டோடு போய் உட்கார்ந்திருக்கிறார். “கழட்டுப்பா, இங்க யாரும் வந்து மோத மாட்டாங்க” என்று நர்ஸ் சொல்லியும் கழற்றவில்லை.

உள்ளே இருந்த டாக்டரம்மா ரொம்ப நேரம் விசாரித்துவிட்டு, இதற்கு ஏ.டி.டி. என்று பெயர், கவனம் ஓரிடத்தில் நிற்காத குறைபாடு, சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது, சோம்பேறித்தனம் இல்லை, பைத்தியமும் இல்லை என்றார். மாத்திரை கொடுத்து, மாதாமாதம் வரச் சொன்னார். மறதிக்கு மாத்திரை வாங்கப் போகும் நாள் இவருக்கு மறந்துபோகும். ஞாபகம் வந்து பஸ் ஏறினால் பாதியில் எங்கேயாவது இறங்கிவிடுவார். போய்ச் சேரும்போது ஓ.பி. மூடியிருக்கும். கடைசியில் டாக்டரம்மா, தூர ஊர்களில் தனியாகக் கிடக்கும் இதே மாதிரி ஆட்கள் போனில் பேசிக்கொள்ளும் ஒரு குழுவில் இவரைச் சேர்த்துவிட்டார். இதில் ஒன்றைக்கூட இவர் வீட்டில் சொல்லவில்லை.

செல்விக்கு வேறு மாதிரிதான் செய்தி போனது. “உன் வூட்டுக்காரரு மொட்ட மாடில எவகூடவோ பேசிகினு கீறாரு” என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

அன்று சாயங்காலம் செல்வி மாடிப் படியில் நின்று ஒட்டுக் கேட்டாள்.

“நான் ஆரம்பிச்சுட்டேங்க” என்றது ஒரு பெண் குரல்.

“நானும் ஆரம்பிச்சிட்டேன் டீச்சர்.”

செல்வி இன்னும் இரண்டு படி ஏறினாள்.

“இருக்கீங்களா? போயிடலையே?”

“கீறேன் டீச்சர். நீங்க முடிக்கிற வரிக்கும் நான் எங்கியும் போவ மாட்டேன்.”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்கிட்ட அவரு சொல்லாத வார்த்தக்கா அது” என்று பிறகு என்னிடம் சொன்னாள் செல்வி.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் மாடிக்குப் பாய்ந்து போனாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செங்கல் மேல் ஸ்பீக்கர் போட்ட போன். அதைப் பிடுங்கி, “யாரு நீ? எம் புருஷங்கூட இன்னாத்த முடிக்கிற?” என்றாள்.

“பரீட்சைப் பேப்பர் திருத்துறேங்க” என்றது அந்தக் குரல்.

மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராம். தொடங்கியது எதையும் முடிக்க முடிவதில்லையாம். யாராவது ஒருவர் லைனில் கூட இருந்தால்தான் கை ஓடுமாம். பேச வேண்டியதுகூட இல்லை; அவரவர் வேலையை அவரவர் பார்க்கலாம். இந்தக் குழுவில் எல்லாருமே அப்படித்தான் ஒருவருக்கொருவர் துணை இருக்கிறார்கள். “எங்க வீட்டுல யாருக்கும் தெரியாதுங்க” என்றார் டீச்சர். “உங்ககிட்டயும் அவர் சொல்லலையா?”

செல்வி திரும்பிப் பார்த்தாள். அவர் முழங்காலுக்கு நடுவே முகத்தைப் புதைத்திருந்தார்.

“ஊரே குடிகாரன்னு சொல்லிச்சே. ஏன்யா வாய மூடிகினு இருந்த?”

“குடிகாரன்னா நாளைக்கு வுட்டுட்டான்னு சொல்லிக்கலாம்” என்றார் முகத்தை எடுக்காமல். “இத இன்னான்னு சொல்றது? உன்ன மெண்டல் பொண்டாட்டின்னுவாங்க.”

படிக்கட்டு முழுக்க ஆட்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வி அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. போனைத் திரும்பச் செங்கல் மேல் வைத்து, “நீங்க திருத்துங்க டீச்சர், லைன்லதான் கீறோம்” என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருட்டுவதற்குள் டேபிள் ஃபேன் ஓடியது. அதை வாங்கிப் போனது கோள் சொன்ன அதே பக்கத்து வீட்டு அம்மா. அது அவருடைய ஃபேன்.

இப்போது ஆஸ்பத்திரி நாளில் செல்வி கூடவே போகிறாள். பஸ்ஸில் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறாள். ஹெல்மெட் மட்டும் இன்னும் கழலவில்லை. இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “சொந்தப் பேரு வேணாங்க்கா. ‘தோ வந்துட்டேன்’னு போட்டுக்கோங்க. யாருக்கும் தெரியாது” என்றார். அவருடைய சொந்தப் பெயர்தான் யாருக்கும் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை.

போன வாரம் எங்கள் வீட்டு கீசர் கெட்டுப்போனது. செல்விக்குக் காய்ச்சல். டீச்சருக்கு அங்கே சிக்னல் இல்லை. பையோடு வந்தவர் பாத்ரூம் வாசலிலேயே நின்றார். கீசரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. முடியுற வரிக்கும் இங்க சும்மா உக்காந்துகினு இருக்கீங்களா? பேசக்கூட வேணாம்.”

அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.