ஐஸ்கிரீம் வண்டி வழக்கு

பள்ளிக்கூடம் அனுப்பிய படிவத்தின் நான்காவது கேள்வியில் டெல்மார் மாட்டிக்கொண்டார். மகள் ஜூனியின் வகுப்பு ஏரிக்கரைக்குச் சுற்றுலா போகிறது. துணைக்கு வருவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். படிவமோ, எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா என்று கேட்டது.

உண்டு. பத்தொன்பது வயதில், யாருடையதோ ஐஸ்கிரீம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். தெருவெங்கும் அது அலறும் பாட்டை நிறுத்தத் தெரியாததால் போலீஸ் தேடவே வேண்டியிருக்கவில்லை. பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் மனைவி ரொசெட்டாவிடம்கூட இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

மிச்சிகனில் பழைய குற்றப் பதிவுகளைத் துடைக்கச் சட்டம் வந்திருப்பதாக முடிதிருத்தும் லைல் சொன்னார். செய்த குற்றத்தைக் குறிப்பிட்டு, ஆனாலும் நல்லவன் என்று மூன்று பேர் எழுதித் தந்தால் நீதிபதி மனம் இளகுவார் என்றும் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து டெல்மாருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

விஷயத்தைச் சொல்லாமல் கடிதம் கேட்க முடியுமா? தான் வேலை பார்க்கும் கிடங்கின் மேலாளரிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கடிதம் கிடைத்தது, மறுநாள் முதல் வண்டிச் சாவிகள் எல்லாம் பூட்டிய பெட்டிக்குள் போயின. பௌலிங் கூட்டாளி கிளைடிடம் சொன்னார். அவனும் எழுதித் தந்தான். பார்க்கும்போதெல்லாம் ஐஸ்கிரீம் பாட்டை முணுமுணுக்கவும் ஆரம்பித்தான்.

பாஸ்டர் ஈட்மனின் கடிதம்தான் அருமை. அவர் அதோடு விட்டிருக்கலாம். ஞாயிறு ஆராதனையில், பெயரைச் சொல்லாமல், ஐஸ்கிரீம் வண்டியைத் திருடிய சகோதரர் ஒருவருக்காக ஜெபித்தார். கிளைடு சட்டென்று திரும்பி டெல்மாரைப் பார்த்தான். கிளைடு திரும்பியதைப் பார்த்து மொத்தச் சபையும் திரும்பியது.

காரில் ஏறியதும் ரொசெட்டா கதவை அறைந்து சாத்தினாள்.

"பதினாறு வருஷம். இத நான் பாஸ்டர் வாயாலயா கேக்கணும்?"

"துடைச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

"துடைச்சப்புறம் என்னத்தச் சொல்லுவ?"

வண்டியில் என்னென்ன ஐஸ்கிரீம் இருந்தது என்று பின்சீட்டிலிருந்து ஜூனி கேட்டாள்.

திங்கட்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டு நீதிமன்றத்துக்கு ஓடினார். இன்னும் என்னென்ன வெளியே வருமோ என்று ரொசெட்டாவும் கூடவே வந்தாள். விண்ணப்பம், கைரேகை, மூன்று கடிதங்கள் எல்லாவற்றையும் ஜன்னலுக்குள் தள்ளினார். எழுத்தர் பெண் கணினியில் பெயரைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். கிடைக்கவில்லை. டெல்மார் வருடம், வண்டியின் நிறம், நீதிபதியின் பெயர் வரை சொல்லி உதவினார். பின்னால் நின்ற வரிசை முழுவதும் அமைதியாகக் கேட்டது.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"சார், சட்டம் வந்தப்பவே உங்க பதிவு தானா அழிஞ்சிடுச்சு. இப்ப நீங்க திருடுனீங்கன்னு சொல்ல, இந்த மூணு கடிதாசிய விட்டா நாட்டுல வேற ஆதாரமே கெடையாது."