மூன்று சபைக்கு ஒரு கிடாரம்

எல்லோரிடமும் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தவனைப் பொதுவேலைக்கு விடவே கூடாது. நான் அப்படிப் பெயரெடுத்தவன்.

யாழ்ப்பாணத்தில் எண்பத்தேழாம் ஆண்டுச் சண்டையில், பீரங்கிச் செல்லடிக்குப் பயந்து தொண்டைமானாற்றுப் பக்கத்துச் சனம் கோப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் வந்து தங்கியது. நாட்கணக்காகப் பாணும் தேத்தண்ணியுமாக இருந்த பிள்ளைகளுக்கு ஒருநேரச் சோறாவது போட வேண்டும். கோயில் சபையிடம் அன்னதானத்துக்குச் சோறு வடிக்கும் பெரிய கிடாரம் இருந்தது. தேவாலயத்திடம் அரிசியும் விறகும் இருந்தன. கடற்றொழிலாளர் சங்கத்திடம் மீன். மூன்று பகுதியும் அதற்குமுன் ஒன்றோடொன்று முகம்கொடுத்துக் கதைத்ததில்லை. இவர்களை இணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது (தகுதி: சைக்கிள் இருந்தது, வேலை இருக்கவில்லை).

நம்பிக்கையை உண்டாக்குவதென்ன பெரிய வேலையா என்று கிளம்பினேன். கோயில் மணியகாரரிடம், "முழுக்கச் சைவம்தான் ஐயா. கிடாரத்துக்குக் கிட்ட முட்டைகூட வராது" என்றேன். சங்கத் தலைவர் சம்மாட்டியாரிடம், "உங்கடை மீன்குழம்பு இல்லாமல் சமையலே இல்லை" என்றேன். தேவாலயத்துச் சிஸ்டரிடம், "மற்ற ரண்டு பேரும் நீங்கள் சொல்லுறபடிதான் நடப்பினமாம்" என்றேன். மூவருக்கும் பரம சந்தோசம். என்னைப்போல ஒரு ராசதந்திரி இனிப் பிறக்கவேண்டும் என்று எனக்கும் சந்தோசம்.

மறுநாள் காலை மணியகாரர் கிடாரத்துக்குத் திருநீறு பூசிக்கொண்டு நிற்க, சம்மாட்டியார் ஒரு பெட்டி மீனைக் கொண்டுவந்து பக்கத்தில் இறக்கினார்.

"உதென்ன?" என்று மணியகாரர் என்னைக் கேட்டார்.

"அது... பக்கத்து வீட்டுக்கு, ஐயா."

"ஆருடைய வீட்டுக்கு?" என்றார் சம்மாட்டியார். "நேற்று எனக்கு என்ன தம்பி சொன்னனீர்?"

"எனக்கும் இவர் ஒண்டு சொன்னவர்" என்றபடி சிஸ்டர் வந்து சேர்ந்தார்.

கோபத்தில் கிடாரம் திரும்பிப் போனால் அன்றைக்கும் சோறில்லை. பிள்ளைகளோ கோப்பைகளோடு காத்திருந்தார்கள். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது (அழவில்லை என்று பிறகு சாதித்தேன், ஒருவரும் நம்பவில்லை).

மூவரும் வேப்பமரத்தடிக்குப் போய், நான் யாருக்கு என்ன சொன்னேன் என்று ஒத்துப் பார்த்தார்கள். முதலில் சிரித்தவர் மணியகாரர். அதற்குப் பிறகு காரியம் மளமளவென்று முடிந்தது. கிடாரத்தில் சோறு. வேலிக்கு அப்பால் தனி அடுப்பில், சம்மாட்டியார் வீட்டுச் சட்டியில் மீன். பங்கிடுவது சிஸ்டர். நான் வெங்காயம் உரிக்கவேண்டும், யாரோடும் வாய் திறக்காமல்.

மத்தியானம் எல்லோரும் வயிறாறச் சாப்பிட்டார்கள். அதன்பின் வந்த இடப்பெயர்வுகளையும் அந்த மூன்று சபைகளும் சேர்ந்தே சமாளித்தன. என்னை நம்பக்கூடாது என்பதில் அவர்களுக்குள் அப்படியொரு ஒற்றுமை.

சில வருடம் கழித்து எனக்குக் கலியாணம் பேசிய பெண்வீட்டார் அந்த மூவரிடமும் தனித்தனியே விசாரித்திருக்கிறார்கள். சொல்லிவைத்ததுபோல ஒரே பதில்: "நல்ல பொடியன். தனியத் தனியக் கதைக்க மட்டும் விடாதேங்கோ."

இன்றைக்கும் நான் மகளைக் கூப்பிட்டு மெதுவாக ஏதும் சொல்லத் தொடங்கினால், குசினிக்குள் அடுப்படியில் இருந்து மனைவியின் குரல் வரும்:

"அப்பா கதைக்கப் போறார், எல்லாரும் வாங்கோ."