காரணம் கேட்கக் கூடாது

"தாங்கள் கோரிய கடிதம் எமது அலுவலகத்தில் இல்லை" என்று எழுதி, கையொப்பம் வைத்து, தபாலிலும் சேர்த்த நாலாம் நாள் அந்தக் கடிதம் முனீப்பின் மேசையில் வந்து விழுந்தது.

பழைய கோப்புகள் கிடக்கும் அறையில் கரப்பான் மருந்து வைக்கப்போன அலுவலக உதவியாளர் மஹ்ரூப், அலுமாரிக்குப் பின்னால் சொருகிக் கிடந்த தாள் ஒன்றை இழுத்தெடுத்துக் கொண்டுவந்து போட்டார்.

"நீங்க ரெண்டு கிழமையா தேடினது இதுவோ பாருங்க, தம்பி."

கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாள். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. 2003 ஜூன் மாதம். கண்டல்கரை ஒழுங்கையில் இருந்த ஸைனுலாப்தீன் என்ற பேக்கரித் தொழிலாளி பிரதேச சபைக்கு எழுதியது. விடிய முன்னம் வேலைக்குப் போகையில் இருட்டில் இரண்டு தரம் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்துவிட்டதாகவும், மூன்றாம் தரம் விழ விருப்பமில்லை என்றும், ஆகையால் தங்கள் ஒழுங்கைக்கு ஒரு 'விலக்கு' போட்டுத் தரும்படியும் எழுதியிருந்தார்.

முனீப்புக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே தான் அனுப்பிய மறுமொழி நினைவுக்கு வந்தது. இல்லை என்று எழுதிக் கொடுத்தாயிற்றே!

அந்தச் சபையில் தகவல் அலுவலர் வேலைக்கு ஆளைத் தெரிவுசெய்த கூட்டத்துக்கு முனீப் வரவில்லை. பல் பிடுங்கப் போயிருந்தார். அதனாலேயே ஏகமனதாகத் தெரிவானார். வேலையில் பிழை வரக்கூடாது என்று நினைக்கிற மனிதர். தாளைத் தூக்கிக்கொண்டு நேரே செயலாளர் ஹெக்டரிடம் போனார்.

"சேர், கடிதம் கிடைச்சிட்டுது. இண்டைக்கே அனுப்பிவிடுவம்."

ஹெக்டர் யன்னலுக்கு வெளியே, துறைமுகத்துக்குள் மெல்ல நுழைந்துகொண்டிருந்த கப்பலைப் பார்த்தபடி யோசித்தார்.

"இல்லையெண்டு போன கிழமை சொன்னீங்கள். இருக்கெண்டு இந்தக் கிழமை சொன்னா, ஒளிச்சு வைச்சிருந்தனாங்கள் எண்டுதானே கதைப்பினம்? பேசாம இருங்கோ. தகவல் கேட்ட பொம்பிளை விட்டிடுவா."

அவ விடவில்லை. பத்தாம் நாள் மேன்முறையீடு வந்தது. 'ரிப்கா றிகாஸ்' என்ற கையொப்பம். விலாசம் திருகோணமலை டவுன். இரண்டே வரி: 'கடிதம் சபையில் நேரில் கொடுக்கப்பட்டது. ஒரு திங்கட்கிழமை. தயவுசெய்து இன்னொரு முறை தேடிப் பாருங்கள்.'

ஹெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கிழமைகூடத் தெரிஞ்சிருக்கு! எங்கட ஒழுங்கைக்காரியும் இல்லை, டவுன்காரி. முனீப், இது சும்மா ஆள் இல்லை. பத்திரிகைக்காரியா இருக்கும். இல்லாட்டி வழக்குப் போடப் போறா."

"போனில ஒரு கோல் எடுத்து, ஏன் கேக்கிறீங்க எண்டு கேட்டா என்ன சேர்?"

"ஐயோ, காரணம் கேக்கக் கூடாது! தகவல் சட்டத்தில அப்பிடித்தான் கிடக்கு. கேட்டமெண்டா அதுக்கும் ஆணைக்குழுவுக்குப் போவா."

கேட்க முடியாததால் இருவரும் ஊகித்தார்கள். பின்னேரம் வரை ஊகித்ததில் விஷயம் தெளிவாகிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக ஒரு விளக்குப் போடாத சபை என்று பேப்பரில் வரப்போகிறது.

"அப்ப முதல்ல விளக்கைப் போடுவம்" என்றார் ஹெக்டர். "பிறகு கடிதத்தைக் குடுப்பம். கேட்டீங்கள், போட்டிட்டம் எண்டு சொல்லலாம்."

மூன்றாம் நாளே விளக்குப் போட்டார்கள். பார்க்கப் போன முனீப், சைக்கிளை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார். கண்டல்கரை ஒழுங்கையில் வீடுகள் இல்லை. அத்திவாரக் கற்களும் எருக்கலையும், வலை போட்டுவைக்கும் ஒரு கொட்டிலும்தான். சனமெல்லாம் எப்போதோ வேறு இடங்களுக்குக் குடிபோய்விட்டது. கம்பத்துக்குக் கீழே ஏழெட்டு ஆடுகள் அசைபோட்டபடி, வந்தது யார் என்று பார்த்தன.

ஆட்டுக்குப் போட்ட விளக்கு ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? பக்கத்து ஒழுங்கைக்காரர்கள் திரண்டு வந்தார்கள். மஹ்ரூப் வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டார்.

"ஒரு பொம்புள தகவல் கேட்டுப் படிவம் நிரப்பிக் குடுத்தா. உடன போட்டுட்டாங்க."

அடுத்த கிழமை முப்பத்தொரு தகவல் படிவங்கள் வந்து சேர்ந்தன. முப்பத்தொன்றும் விளக்கைப் பற்றியவை. ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: 'எங்கள் ஒழுங்கைக்கு விளக்குக் கேட்டு 1998இல் நான் எழுத நினைத்த கடிதத்தின் பிரதியைத் தரவும்.'

"இதுக்கு என்ன மறுமொழி எழுதுறது, சேர்?" என்று முனீப் பரிதாபமாகக் கேட்டார்.

"எனக்கு அது தெரியாது. அந்த ரிப்காவைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் குடுத்து முடியுங்கோ. அவவாலதான் எல்லாம்."

இந்தத் தரமாவது பிழை வரக்கூடாது என்று முனீப் தீர்மானித்தார். போட்டோக்கொப்பி எடுத்துப் பார்த்தார். மழை இருட்டு மாதிரிக் கறுப்பாக வந்தது. கணினியில் உட்கார்ந்து, கடிதம் முழுவதையும் தானே தட்டெழுதினார். 'கணம் தலைவர்' என்றிருந்ததைக் 'கனம்' ஆக்கினார். 'விலக்கை' விளக்காக்கினார். முற்றுப்புள்ளிகள் வைத்தார். அச்செடுத்து, முத்திரை குத்தி, தள்ளிப் பிடித்துப் பார்த்தபோது அவருக்கே பெருமையாக இருந்தது.

ரிப்கா வந்தபோது ஹெக்டரும் வந்து நின்றுகொண்டார். இருவரும் எதிர்பார்த்த ஆள் அல்ல. முப்பது வயது இருக்கலாம். கறுப்பு அபாயாவின் கையில் தையல் நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன. பஸ்ஸில் இருந்து இறங்கி நடந்து வந்த களைப்பு. முனீப் கதிரையை இழுத்துப் போட்டு, கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள்.

"இது இல்லையே, சேர்."

"இதுதான். அதே வசனந்தான் எல்லாம். எழுத்துப் பிழை மட்டும் கொஞ்சம் கிடந்தது, திருத்திட்டன்."

"திருத்திட்டீங்களோ?" அவள் குரல் இறங்கிவிட்டது.

ஹெக்டர் அவசரமாகக் குறுக்கிட்டார். "இஞ்ச பாருங்கோ தங்கச்சி, பேப்பருக்கும் கோட்டுக்கும் போற அளவுக்கு ஒண்டுமில்லை. விளக்கும் போட்டாச்சுத்தானே."

"எந்த விளக்கு?"

"கண்டல்கரை ஒழுங்கைக்கு."

"அங்க இப்ப ஆர் இருக்கிற?" அவள் உண்மையாகவே விளங்காமல் கேட்டாள்.

ஹெக்டர் ஆடுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப, திங்கட்கிழமை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

"நானும் கூட வந்தனான், சேர். பள்ளிக்கூடம் பிந்திப்போச்செண்டு அழுதுகொண்டு நிண்டனான்."

முனீப் மேசை லாச்சியைத் திறந்து, பொலித்தீன் உறைக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய தாளை எடுத்தார். கொடுக்கவே வெட்கமாக இருந்தது.

"அசல் இதுதான். பூச்சி அரிச்சிருக்கு, மையும் ஊறிப்போச்சு. வாசிக்க ஏலாது எண்டுதான் நான்..."

அவள் தொடவில்லை. குனிந்து பார்த்தாள். ஒரு விரல் மட்டும் உறைக்கு மேலால், அந்தக் கோணல் எழுத்துகளின் வளைவோடு மெல்லப் போனது. 'விலக்கு' என்ற இடத்துக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நின்ற பிறகும் விரல் அங்கேயே நின்றது.

கேட்கக் கூடாதென்று முனீப்புக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் கேட்காமல் இருந்ததுதான் முழுப் பிழையும் என்று இப்போதுதான் பட்டது. பக்கத்தில் ஹெக்டர் இருமினார். இருந்தும் கேட்டார்.

"இத வாசிச்சு என்ன செய்யப் போறீங்க, தங்கச்சி?"

"வாசிக்க இல்ல, சேர்" என்றாள் ரிப்கா. "கடல் வந்த அண்டு வாப்பாவும் போய், வீடும் போய், அவர் கையால எழுதினது எண்டு மிஞ்சினது உங்கட ஒபிஸில கிடக்கிற இந்தத் தாள் மட்டுந்தான்."