ரெண்டு சம்பந்தி, ஒரே ஓவன்

"முதல்ல நீங்க வைங்க சம்பந்தி."

"நீங்க இருக்கும்போது நானா? நல்லாருக்கே! நீங்கதான் முதல்ல."

"அதெல்லாம் முடியாது. ஓவன் இப்பத்தான் பதமாச் சூடாயிருக்கு. உங்க கேக்குக்கு அப்படியே—"

"உங்க கேக்குக்கு மட்டும் சூடு வேண்டாமாக்கும்! பெரியவங்க நீங்க இருக்க—"

"யாரு பெரியவ? உங்களைவிட நான் மூணு வயசு சின்னவ!"

"அப்ப நான் கிழவிங்கறீங்க!"

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்ற லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தலை சுற்றியது. ஒரு பக்கம் அவனைப் பெற்றவள். மறுபக்கம் அவன் மனைவியைப் பெற்றவள். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களை எப்படி இறக்குவது என்று அவனுக்கு அத்துப்படி. மாட்டிக்கொண்டவன் தானே என்றால் என்ன செய்வது என்று கம்பெனியில் யாரும் சொல்லித்தரவில்லை.

விஷயம் இதுதான். மனைவிக்குப் பிரசவ லீவு முடிந்து திங்கட்கிழமை பேங்க் வேலைக்குப் போக வேண்டும். குழந்தைக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. கையில் கிடைத்தவர்களையெல்லாம் கடிக்கிறது. ராத்திரியைப் பகல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு வருஷத்துக்காவது கூட இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். வீட்டில் மிச்சமிருப்பதோ ஒரே அறை.

"யாராவது ஒருத்தர் இருங்களேன்" என்று மனைவி கேட்டாள். "நான் இருக்கேன்" என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள். இதில் யாரைப் போகச் சொன்னாலும் ஆயுசுக்கும் குத்திக்காட்டுவார்கள்.

அப்போதுதான் மெக்கானிக்குக்கு அந்த யோசனை உதித்தது. மனைவிக்கு வீட்டில் செய்த கேக் என்றால் உயிர்.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு கேக் பண்ணுங்க. சாயங்காலம் அவ சாப்பிட்டுப் பாத்துச் சொல்லட்டும். யாரோடது நல்லாருக்கோ அவங்க இருக்கட்டும். தோத்தவங்க மனசுல வெச்சுக்கக் கூடாது."

நியாயம் பிசகக் கூடாதென்று ஒரே செய்முறை, ஒரே அளவு மாவு, ஒரே மாதிரி பாத்திரம், ஒரே மாதிரி கேக் தட்டு என்று சட்டம் போட்டவனும் அவனே. அதனால், கரைத்து வைத்த மாவில் எது யாருடையது என்று அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"சண்டையே வேண்டாம்" என்றான். "மேல் தட்டுல ஒண்ணு, கீழ்த் தட்டுல ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணா வெச்சுடலாம். அம்மா, இவளைக் கொஞ்சம் பிடியேன்."

"என் கையெல்லாம் மாவுடா."

"அத்தை, நீங்க?"

"வெண்ணெய்க் கை மாப்பிள்ளை. குழந்தை வழுக்கிடும்."

குழந்தை அவன் காதைக் கடித்தது. கேக் மேல் இவர்களுக்கு இருக்கும் கவனத்தை நினைத்து வியந்தபடியே குழந்தைக்குத் துணி மாற்றப் போனான்.

திரும்பி வந்தபோது மாமியாரைக் காணோம். அம்மா மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கையில் உப்பு ஜாடி.

"என்னம்மா பண்றே?"

அம்மா தூக்கிவாரிப் போடத் திரும்பினாள். "சும்மா... ருசிக்கு ஒரு சிட்டிகை."

"சிட்டிகையா? குழம்புக் கரண்டிம்மா அது!"

"மெதுவாப் பேசுடா, சம்பந்தி காதுல விழப்போகுது" என்று சொல்லிவிட்டு அம்மா நழுவினாள்.

மெக்கானிக் அந்தப் பாத்திரத்தையே பார்த்தான். தன் மாவில் தானே உப்பை அள்ளிக் கொட்டும் அளவுக்கு யாருக்கும் கிறுக்குப் பிடிக்காது. அப்படியானால் அது மாமியாருடையது. பெற்ற தாயே இப்படி ஒரு காரியம் செய்வாளா! வெளியே சொன்னால் அம்மாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் மாமியாருக்கு அநியாயம்.

லிஃப்ட் ஒழுங்காக ஓட வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக் கனத்துக்கு மறுபக்கத்தில் அதே கனம் வேண்டும். குழம்புக் கரண்டியை எடுத்தான். அடுத்த பாத்திரத்திலும் அதே அளவு உப்பைப் போட்டுக் கலக்கினான். நியாயம் நிமிர்ந்து நின்றது.

இரண்டு கேக்கும் ஓவனுக்குள் போயின. சற்று நேரத்தில் அம்மா யாருடனோ ரகசியமாக ஃபோன் பேச பால்கனிக்குப் போனாள். சமையலறையில் ஏதோ சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மாமியார் கைப்பிடித் துணியோடு ஒரு தட்டை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ளயா அத்தை?"

"வெந்துடுச்சு மாப்பிள்ளை."

"தளதளன்னு ஆடுதே!"

"ஆறினா நின்னுடும். நீங்க போய்க் குழந்தையைப் பாருங்க. அழற மாதிரி இருக்கு."

குழந்தை அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக்குக்குத்தான் அழுகை வந்தது. தன் கேக்கைத் தானே பாதி வேக்காட்டில் யாராவது எடுப்பார்களா? அது அம்மாவுடையது. உப்பு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. பழிக்குப் பழி!

மாமியார் நகர்ந்ததும் மற்றதையும் வெளியே எடுத்து வைத்தான். இப்போது இரண்டும் சமம். ஆனால் இரண்டும் பச்சை மாவு. இதைத் தின்று மனைவிக்கு வயிறு கெட்டால் திங்கட்கிழமை அவளுக்கும் சேர்த்து அல்லவா ஆள் தேட வேண்டும்? மறுபடி உள்ளே தள்ளினான். போன நேரத்தை ஈடுகட்ட, சூட்டுக் குமிழை எவ்வளவு திருகலாமோ அவ்வளவும் திருகினான்.

அந்தச் சமயம் பார்த்துக் குழந்தை, அன்றைக்குப் போட்ட மூன்றாவது சட்டையையும் நாசம் செய்தது. குளிப்பாட்டிப் பவுடர் போடுவதற்குள் ஹாலெல்லாம் புகை.

"ஐயோ, எதுடா கருகுது?" என்று அம்மா ஓடி வந்தாள்.

"யாரோடது மாப்பிள்ளை கருகினது?" என்று மாமியார் அவளை இடித்துக்கொண்டு வந்தார்.

"ரெண்டும்தான்."

"ரெண்டுமா?" இரண்டு முகமும் ஒன்றாக வாடின.

பார்க்கவே பாவமாக இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் போய் உக்காருங்க. நான் சரி பண்றேன்" என்றான். வேலைப் பையிலிருந்து அரத்தை எடுத்தான். புது அரம்தான், கழுவியும்விட்டான். கருகிய மேல்தோலைச் சுற்றிலும் ராவி எடுத்தான். பள்ளம் விழுந்த இடங்களில் கிரீமை வைத்து மெழுகினான். ஏதோ சிமெண்ட் பூசிய மாதிரி இருந்தாலும் தூரத்திலிருந்து பார்த்தால் கேக்தான்.

மனைவி கடைக்குப் போனவள் திரும்பி வந்தாள். "ஹை! எது யாரோடது?"

"அது கடைசியில. முதல்ல சாப்பிடு" என்றான் மெக்கானிக், நீதிபதியின் குரலில்.

முதல் கேக்கில் ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். மெல்லுவது நின்றது. தண்ணீர் குடித்தாள். "இதுல... உப்பு..."

"என்னுதுதான்!" என்று துள்ளி எழுந்தாள் அம்மா. "சந்தேகமே இல்ல, என்னுதுதான்!"

"அவசரப்படாதீங்க சம்பந்தி, என்னுதை இன்னும் சாப்பிடவே இல்லியே!" என்றார் மாமியார்.

மனைவி இரண்டாவதைக் கடித்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "இதுலயும்..."

"பாத்தீங்களா! என்னுதுதான் மோசம்."

"என்னுது உப்பு மட்டுமா, கருகல் வேற!"

"என்னுது உள்ள வேகவே இல்ல. விரலை விட்டுப் பாருங்க!"

"உங்களுதை முழுங்கவாவது முடிஞ்சுது. என்னுதை அதுகூட முடியல. ஏண்டா, வாயைத் திறந்து சொல்லேன்!"

மெக்கானிக் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். காலையிலிருந்து இவர்களைப் பற்றி என்னவெல்லாம் நினைத்துவிட்டான்! கடைசி நேரத்தில் ஒருவருக்கொருவர் எப்படி விட்டுக்கொடுக்கிறார்கள்! எந்த வீட்டில் இப்படி சம்பந்திகள் கிடைப்பார்கள்?

"போதும்!" என்றான். "தோத்தவங்க யாரும் இல்ல. ஹாலைக் குறுக்க மறைச்சு ஒரு தடுப்புப் போட்டா இன்னொரு ரூம் ஆச்சு. ரெண்டு பேருமே இருங்க. ஒரு வருஷம் என்ன, இவ ஸ்கூல் போற வரைக்கும் இருங்க!"

"நிஜமாவாங்க?" என்று மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷம் தாங்கவில்லை போலும் என்று மெக்கானிக் நினைத்தான்.

வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தான். கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நின்றிருந்தார்.

"சார், டாக்ஸி ஸ்டாண்டுலேர்ந்து வர்றேன். காலைல ரெண்டு அம்மா தனித்தனியா வந்து, 'போட்டியில கண்டிப்பா நான் தோத்துடுவேன், சாயங்கால ரயிலைப் பிடிக்கணும், வீட்ல யாருக்கும் தெரிய வேண்டாம்'னு ஆளுக்கொரு பெட்டியை வண்டியில வெச்சுட்டுப் போனாங்க. தோத்தது எந்த அம்மா சார்?"